பதினான்காம் பாடம்

பதினொன்றாம் எண் டிராம் துறைமுகத்தருகே கடைசி நிறுத்தத்தில் போய் நின்றால் ஓட்டுநருக்கு ஏழு நிமிடம் கிடைக்கும். மற்றவர்கள் இறங்கிப் போய்ப் புகைபிடிப்பார்கள். காற்று பலமாக இருந்தால் காபிக் குவளையோடு கதவோரம் ஒடுங்கி நிற்பார்கள். ஜயநாத் ஸீதல்தீன் இருக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை. சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, ஹிந்தி வினைச்சொற்களை மனப்பாடம் செய்வார். ஐம்பத்து நாலு வயது. முன்னந்தலையில் முடி போய்விட்டது. வேலையிடத்தில் அவர் பெயர் யான். ஜயநாத் என்பது வாயில் நுழையவில்லை என்று முதல் நாளே யாரோ சுருக்கியது, இருபத்தாறு வருடமாக ஒட்டிக்கொண்டுவிட்டது.

"என்னய்யா யான், உன் சொந்த மொழிதானே அது? அதுக்குப் போய் யாராவது பாடம் படிப்பானா?" என்று கேட்பார் கோஸ் என்ற மூத்த ஓட்டுநர். "நான் டச்சு கிளாஸ்ல சேரப்போறேன்னு சொன்னா என் பெண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா."

"நீ பேசற டச்சுக்கு நிஜமாவே சேரலாம் கோஸ்," என்பார் ஜயநாத், தலை நிமிராமல்.

எதற்காகப் படிக்கிறார் என்று நெதர்லாந்தின் டென் ஹாக் நகரில் அவர் மனைவி ஊர்மிளாவையும் அம்மா இருக்கும் முதியோர் இல்லத்துப் பணிப்பெண் ஒருத்தியையும் தவிர யாருக்கும் தெரியாது. தம்பி இறந்துவிட்டான் என்பதை அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவரிடம் மொழி இல்லை.

தம்பி விஷ்ணுதத் போன நவம்பரில் போனான். வேலைக்குப் போய் இறங்கி, மழையில் குனிந்து சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். ஐம்பத்தோரு வயது. அந்த வாரம் அம்மா பூல்மதி நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைப்பாளா என்பதே சந்தேகமாக இருந்தது. தேறட்டும், பிறகு சொல்லலாம் என்று எல்லோரும் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். ஜனவரியில் அம்மா தேறினாள். ஆனால் எழுந்து உட்கார்ந்தவளிடம் டச்சு இல்லை. ஏற்கெனவே இரண்டு வருடமாக ஞாபகம் ஓரம் ஓரமாக உதிர்ந்துகொண்டிருந்தது. காய்ச்சல் வந்து மிச்சத்தையும் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போய்விட்டது. அவள் வாயில் மிஞ்சியது தென்னமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட சூரினாமில், நிக்கேரி வயல்வெளியில் பேசிய பேச்சு மட்டும். ஸர்நாமி என்று அதற்குப் பெயர். நாலு தலைமுறைக்கு முன் பீகார்ப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள் கரும்பும் நெல்லும் நட்டுக்கொண்டே பேசிப் பேசி உருட்டிய மொழி.

அந்த மொழி ஜயநாத்துக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று பார்த்துக்கொண்டவளே அம்மாதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில், நாலு வயதும் இரண்டு வயதுமான பையன்களோடு விமானத்தில் வந்து இறங்கியவள், காலையில் பள்ளிக்கூடத் தரையும் மாலையில் அரசு அலுவலகத் தரையும் துடைத்தாள். துடைத்துக்கொண்டே டச்சு கற்றாள். வீட்டுக்குள் டச்சுதான். வயல் பேச்சு பேசினால் வாயில் அடி விழும். தங்கையோடோ ஊரிலிருந்த தன் அம்மாவோடோ தொலைபேசும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, அவள் அதைப் பேசுவாள். பையன்கள் கதவில் காதை வைத்துக் கேட்பார்கள். சாப்பாட்டுப் பெயர்கள், திட்டுகள், நடுவே ஒன்றிரண்டு சொற்கள். அவ்வளவுதான் ஒட்டியது.

முதியோர் இல்லத்தில் அம்மா இருந்த மாடியில் மற்ற எல்லோரும் டச்சுக்காரர்கள். சூரினாமிலிருந்து வந்த நம் ஆட்களுக்கென்று தனியாக நடக்கும் மாடிக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு ஜயநாத் போவார். அம்மா அவரைப் பார்ப்பாள், சிரிப்பாள், பக்கத்தில் உட்கார இடம் விடுவாள். மகன் என்று தெரிந்துதான் சிரிக்கிறாளா, வந்து போகிறவர்களுக்கெல்லாம் சிரிக்கிற சிரிப்பா என்று அவரால் சொல்ல முடியாது. காபியோடு கொடுத்த பிஸ்கட்டில் பாதியைக் காகிதத் துடைப்பானில் மடித்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாள். அதில் அவருக்குப் புரிவது ஒரே சொல். சோட்கா. சின்னவன்.

"மறுபடியும் அவரைத்தானே கேக்கறாங்க?" என்பாள் மார்லூஸ் என்ற பணிப்பெண். அந்தப் பேச்சில் அவளும் மூன்று சொல் கற்றுவைத்திருந்தாள். தண்ணீர், போதும், சின்னவன்.

முதலாம் ஆண்டுத் திதி நவம்பரில் வரும். ஜயநாத் வீட்டில்தான் நடத்த வேண்டும். அம்மாவைக் கூட்டி வராமல் முடியாது. கூட்டி வந்தால் கூடத்தில் தம்பியின் படம் இருக்கும், மாலையோடு. மாலை போட்ட படத்தைப் பார்த்து ஒரு தாய் தெரிந்துகொள்வதா?

"சொல்லாம இருந்துடேன்," என்றாள் ஊர்மிளா. "அவங்க பாட்டுக்குச் சின்னவன் வருவான்னு சந்தோஷமா இருக்காங்க. அதைக் கெடுக்கறதுல யாருக்கு என்ன லாபம்?"

"சந்தோஷமா இல்ல ஊர்மிளா. வாசலையே பாத்துட்டிருக்காங்க."

ரோட்டர்டாம் சித்திக்கு அந்தப் பேச்சு நன்றாக வரும். ஆனால் சித்தி சொன்னால் படிக்கட்டிலேயே மாரில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள். "நானே சொல்றேன் சித்தி, எனக்குச் சொல்லிக் குடுங்க," என்று ஜயநாத் கேட்டார். தொலைபேசியில் சித்தி சிரித்தாள்.

"ஐயோ, அதெல்லாம் ஒரு பாஷையாடா? எருமை மேய்க்கிறவன் பேசறது. படிச்சவன் நீ, கத்துக்கறதுன்னா சுத்தமா கத்துக்கோ. மந்திர்ல சனிக்கிழமை ஹிந்தி நடக்குது, அங்க போ. ஹிந்தியும் அதுவும் ஒண்ணுதான், அது கொஞ்சம் அழுக்கு, இது துவைச்சது."

துவைத்தது கிடைக்கும்போது அழுக்கை யார் கேட்பார்கள்? ஜயநாத்தும் கேட்கவில்லை. பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார்.

மந்திர் என்ற அந்தக் கோயிலின் பின்பக்க அறையில் பதினோரு பேர். பாதிப் பேர் நம் ஆட்கள், பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள். ஆசிரியர் வௌட்டர் ஆறரை அடி உயர டச்சுக்காரர். லைடன் பல்கலைக்கழகத்தில் படித்து, காசியில் இரண்டு வருடம் இருந்தவர். எல்லோரும் அவரை வௌட்டர்ஜி என்றார்கள்.

"நம்ம மொழியை நமக்கு ஒரு டச்சுக்கார சீஸ் தலையன் சொல்லித்தர வேண்டியிருக்கு பாருங்க," என்று முதல் நாளே காதோரம் சொன்னாள் ஸுனிதா. முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். சினிமாப் பாட்டு புரிய வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தவள். இடைவேளையில் வௌட்டர் பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒன்று கொடுத்து உடனே மூடிவிடுவார். ஸுனிதா தன் பங்குக்கு ஒரு பெரிய பாத்திரம் நிறைய பரா வடை கொண்டுவந்து மேசை நடுவில் வைப்பாள். மூடி போட மாட்டாள்.

டச்சில் வினை எப்போதும் வாக்கியத்தின் இரண்டாம் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஹிந்தியில் கடைசியில் போய் நிற்க வேண்டும். வகுப்பில் யார் வாய் திறந்தாலும் வினை முண்டியடித்து முன்னால் வந்தது. வௌட்டர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். 'ஏனென்றால்' என்று ஆரம்பித்தால் டச்சிலும் வினை தானாகக் கடைசிக்குப் போய்விடும். "மனசுக்குள்ள 'ஏனென்றால்' சொல்லிக்குங்க. அப்புறம் அதை விழுங்கிட்டு மிச்சத்தை ஹிந்தியில சொல்லுங்க." முதல் மாதம் யாராலும் விழுங்க முடியவில்லை. ஏனென்றால் நான் டென் ஹாகில் வசிக்கிறேன். ஏனென்றால் என் பெயர் ஸுனிதா. பதினோரு பேர் யாருக்கோ காரணம் சொல்லிக்கொண்டே இருப்பதுபோல இருந்தது.

பிறகு ஆண்பால், பெண்பால். வீடு ஆண், மேசை பெண், புத்தகம் பெண், நீர் ஆண். தனிச் சொல்லாகப் படிக்காதீர்கள், 'நல்ல வீடு', 'நல்ல மேசை' என்று சேர்த்தே படியுங்கள் என்றார் வௌட்டர். ஜயநாத் டிராமில் எதிர்ப்படுவதையெல்லாம் அப்படிச் சொல்லிப் பார்த்தார். நாக்கை மடித்துச் சொல்லும் எழுத்துகள் வெள்ளைக்காரர்களுக்கு வரவே இல்லை. நம் ஆட்களுக்கு வந்தது. "ரொட்டின்னு சொல்றப்ப மடியுதுல்ல, அதே நாக்குதான்," என்றாள் ஸுனிதா, பெருமையாக.

ஜயநாத்துக்கு அவசரம். ஏப்ரலில் ஒருநாள் வகுப்பு முடிந்ததும் நின்று கேட்டார். "இறந்தகாலம் எப்ப வரும்?"

"பதினாலாம் பாடம். இப்ப ஆறுல இருக்கோம்."

"நேரா அதுக்குப் போக முடியாதா?"

"இடையில இருக்கறது இல்லாம அது நிக்காதே," என்றார் வௌட்டர். "எதுக்கு இவ்வளவு அவசரம்?"

ஜயநாத் ஜன்னலைப் பார்த்தார். ஆறரை அடி ஆசாமியின் நீலக் கண்கள் காத்துக்கொண்டிருந்தன. சொல்லியிருக்கலாம். சொந்த அம்மாவோடு பேச ஒரு வார்த்தை இல்லாதவன் என்று ஒரு வெள்ளைக்காரனிடம் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"ஒருத்தர் காலமாயிட்டார்னு சொல்லணும். மரியாதையா."

"யாருக்கிட்ட?"

"பெரியவங்ககிட்ட. ரொம்பப் பெரியவங்க."

வௌட்டர் யோசித்து, இருப்பதிலேயே உயர்வான சொல்லாட்சியை அழகான கையெழுத்தில் நோட்டில் எழுதிக் கொடுத்தார்.

கோடை முழுவதும் ஜயநாத், அம்மாவிடம் சொல்வதற்கான பதினோரு வாக்கியங்களைக் கட்டினார். செப்டம்பரில் பதினான்காம் பாடம் வந்தது. தன் வாக்கியங்களை எடுத்து, ஒவ்வொரு வினையையும் சரிபார்த்தார். அக்டோபர் இரண்டாம் ஞாயிறு, மந்திரில் காலைப் பூஜை முடித்துவிட்டு, அதே வெள்ளை ஜிப்பாவோடும் நெற்றிப் பொட்டோடும் அம்மாவைப் பார்க்கப் போனார். நல்ல காரியத்துக்குப் போவதுபோலப் போக வேண்டும் என்று தோன்றியிருந்தது.

அம்மா ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். ஜயநாத் எதிரில் நின்று கைகூப்பினார்.

"அன்னையே, தாங்கள் நலமாக உள்ளீர்களா?"

அம்மாவின் முகம் மாறியது. கை அவசர அவசரமாகச் சால்வையைத் தேடி எடுத்துத் தலையில் முக்காடு போட்டது. நாற்காலியிலிருந்து எழப் பார்த்தாள்.

"கும்பிடுறேன் சாமி," என்றாள். "ஒக்காருங்க சாமி. வூடு கெடக்குற கெடப்பு, மன்னிச்சுக்கங்க."

ஜயநாத்துக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டபோது நிறுத்தத் தெரியவில்லை. எட்டு மாதம் சேர்த்த வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, வினை கடைசியில் நிற்க, பிசகில்லாமல் வந்துகொண்டிருந்தன. அந்த மாதிரி ஹிந்தியில் அம்மாவோடு வாழ்க்கையில் இரண்டு பேர்தான் பேசியிருக்கிறார்கள். ஒன்று வானொலி. இன்னொன்று புரோகிதர்.

"மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலை வேளையில், தாயே, தங்கள் இளைய புதல்வர் இறைவனடி சேர்ந்துவிட்டார். அவர் வலியேதும் உணரவில்லை."

அம்மா கண்ணை மூடிக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். புரோகிதர் புராணக் கதை சொல்லும்போது நிக்கேரியில் பெண்கள் அப்படித்தான் கேட்பார்களாம். அவள் கன்னத்தில் நீர் இறங்கியது.

"ஐயோ பாவம்," என்றாள். "எந்த மகராசி பெத்த புள்ளயோ. அப்பறம், சாமி?"

அப்புறம் இரண்டு வாக்கியம் இருந்தது. சொன்னார். தீர்ந்துபோயிற்று. அம்மா இன்னும் காத்திருந்தாள். கதை முடிந்தது என்று தெரிந்ததும் ஜே போட்டாள். எதையாவது கொடுக்க வேண்டுமே என்று சுற்றிலும் துழாவி, தட்டிலிருந்த ஒரு ஆப்பிளை இரண்டு கையாலும் நீட்டினாள். ஜயநாத் வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வது?

"சாமி, ஒண்ணு கேக்கணும்," என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "எனக்கு ரெண்டு பயலுவ. பெரியவனுக்கு எம் பேச்சு வெளங்காது. நாந்தான் வேணாம்னுட்டேன். பேசுனா வாயிலயே போட்டேன். பள்ளிக்கொடத்துல அப்படித்தான் சொன்னாவ, டச்சு பேசுனாத்தான் புள்ளைங்க முன்னுக்கு வரும்னு. இப்ப வந்து பக்கத்துல குந்திட்டுப் போறான், ஊமை கணக்கா. பாவம் பண்ணிட்டனா சாமி?"

ஒரு சொல்கூடத் தவறவில்லை. எட்டு மாத இலக்கணம் வீண் போகவில்லை. அம்மா பேசுவது அவருக்கு முதல்முறையாக முழுசாகப் புரிந்தது, அவள் அவரை இன்னொருவர் என்று நினைத்துப் பேசியபோது.

"பாவம் இல்லை, தாயே," என்றார். சரியான ஹிந்தியில்தான் சொன்னார். எழுந்து வெளியே வந்தார்.

நடைபாதையில் மார்லூஸ் காபித் தள்ளுவண்டியோடு நின்றாள். கையில் ஆப்பிளும் முகத்தில் கண்ணீருமாக வந்தவரைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். யாரோ ஒருத்தியோட மகன் செத்துட்டான்னு அழறாங்க. என்னைப் பூசாரின்னு நினைச்சுட்டாங்க."

மார்லூஸ் குவளையை அவர் கையில் கொடுத்தாள். "அப்ப நீங்க இன்னும் சொல்லலை," என்றாள். அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "யாரோ சொல்லியிருக்கார். நீங்க சொல்லலை."

"எனக்கு வேற வார்த்தை கிடையாது."

"சின்னப் புள்ளையா இருந்தப்ப எதுவுமே காதுல விழலையா?"

விழுந்திருந்தது. சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து. நிக்கேரியிலிருந்து தொலைபேசி வந்து, அம்மா ஒரே ஒரு சொல்லைத் திரும்பச் சொல்வாள். தாத்தா இறந்தபோது, பெரிய மாமா இறந்தபோது. அது கட்டையான சொல். மாட்டுக்கும் அதே சொல்தான். அதைத் தம்பிக்குச் சொல்லக்கூடாது என்றுதானே அவர் உயர்வான சொல்லைத் தேடிப் போனார்.

கழிப்பறைக்குப் போய் நெற்றிப் பொட்டைக் கழுவினார். ஜிப்பாவின் மேல் மழைக்கோட்டை மாட்டி, கழுத்துவரை இழுத்துப் பூட்டினார். உள்ளே போனவர் கைகூப்பவில்லை. அம்மாவின் கட்டில் விளிம்பில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"மாயி," என்றார். அந்தச் சொல்லால் அவளை அவர் கூப்பிட்டதே இல்லை. அவள் தன் அம்மாவைத் தொலைபேசியில் கூப்பிட்ட சொல் அது.

அம்மா திரும்பினாள். முக்காடு சரிந்தது. "எங்கடா சுத்திட்டு வர? நனைஞ்சிட்டியா?"

"மாயி. சோட்கா செத்துட்டான்."

அவள் அவரையே பார்த்தாள். நாற்காலிக் கையைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. ஜயநாத் அடுத்த வாக்கியம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். வலியில்லை என்று சொல்லத் தெரியவில்லை. மழை என்று ஒரு சொல் தெரியும். "மழை," என்றார்.

அம்மா கேட்டாள். "தீ யாரு வச்சா?"

எரியூட்டு நிலையத்தில் பெட்டி உள்ளே போனதும் ஒரு சிப்பந்தி அவரைச் சுவரருகே அழைத்துப்போய்ப் பச்சைப் பொத்தான் ஒன்றைக் காட்டியிருந்தார். அதை ஜயநாத் அழுத்தினார். இரும்புக் கதவு இறங்கியது. ஐந்து நிமிடத்தில் அடுத்த குடும்பத்தின் கார்கள் வந்து வாசலில் நின்றன.

"நான்," என்றார்.

"நீயா வச்ச?"

"நான் வச்சேன் மாயி."

அம்மா அவர் வலது கையை இழுத்து மடியில் வைத்து, உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கட்டைவிரலால் தடவினாள். "சுட்டுச்சா?"

அவர் தலையசைத்தார். அம்மா கையை விடவில்லை. மார்லூஸ் காபியோடு எட்டிப் பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமை ஜயநாத் வௌட்டரிடம் எல்லாவற்றையும் சொன்னார். வௌட்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "காசியில நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டிமா உங்க அம்மா மாதிரிதான் பேசுவாங்க," என்றார். "ஏன் முன்னாடியே சொல்லலை? அந்த உசந்த சொல்லை நான் எழுதியே குடுத்திருக்க மாட்டேனே." பதினைந்தாம் பாடத்தை ஜயநாத் முடித்தார். அதற்கு மேல் போகவில்லை.

வௌட்டரிடம் சொன்னதற்கு மறுநாள், ஞாயிறு இரண்டு மணிக்கு, அம்மா வாசலைப் பார்த்து, "சோட்கா எங்க?" என்றாள். ஜயநாத் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஓடிவிடலாம் போலிருந்தது. பிறகு மறுபடியும் அதே சொல்லைச் சொன்னார். அம்மாவுக்கு அது முதல் தடவை. அதற்கடுத்த வாரமும் முதல் தடவை.

"இது சித்திரவதை," என்றாள் ஊர்மிளா. "அவங்களுக்கா உனக்கான்னுதான் தெரியலை."

நவம்பரில் திதி நடந்தது. கூடத்தில் நாற்பது பேர். அம்மாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து முன்வரிசையில் வைத்தார்கள். நிஜமான பண்டிதர் மந்திரத்தைத் தொடங்கியிருந்தார். அம்மா படத்தைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள்.

"எம் பயலுக்கு எவன்டா மாலை போட்டது?" என்றாள், வீடே அதிர.

பண்டிதர் நின்றார். ரோட்டர்டாம் சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜயநாத் எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் தரையில் குந்தி, காதருகே வாயை வைத்துச் சொன்னார். அம்மாவின் தோள் ஒருமுறை குலுங்கியது. ஏதோ கேட்டாள். அவர் பதில் சொன்னார். அவள் அவர் தலையில் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள், விழுந்துவிடாமல் இருக்க எதையோ பிடிப்பதுபோல.

"ம்," என்றாள் பண்டிதரைப் பார்த்து. "பெரியவன் தீ வச்சிட்டான். நீங்க நடத்துங்க சாமி."